மாமனாரின் குரல் குடியிருந்த விலாசம்

நான் ஒரு மடையன் என்பது இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குப் பழைய செய்தி. எவ்வளவு பெரிய மடையன் என்பதற்கு மட்டும் இதுவரை சரியான அளவு கொடுத்ததில்லை. இந்த வாரம் கொடுத்துவிடுகிறேன்.

என் மாமனாரின் குரலை நான் அழித்துவிட்டேன். அவர் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே. அதுவும் அவருடைய இளைய மகளின் நிச்சயதார்த்தத்தன்று காலையில்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். கோபப்படுவதற்கு எங்கள் வீட்டிலேயே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.

மருதாணி வாசனை

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் மாமனார் வீடு. நானும் என் மனைவி சுதாவும் குரோம்பேட்டையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே மருதாணி வாசனை மூக்கைத் தொட்டது. ஈரத்துணிக்குள் மல்லிகைப் பூ பந்தாகச் சுருண்டு கிடந்தது. அடுப்பில் போளிக்குக் கடலைப்பருப்பு வெந்துகொண்டிருந்தது.

மச்சினி நித்யாதான் கல்யாணப் பெண். கூடத்து நாற்காலியில், யாரோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டியது போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஈர மருதாணி. ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. முந்தின நாள் இரவு வரை லேப்டாப்பை விட்டு நகரவில்லை. அதனால் மருதாணி அன்று காலையில்தான் நடந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மேடவாக்கத்திலிருந்து சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

கூடத்தின் மூலையில், பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் முன்னால் ஒரு பிரம்பு நாற்காலி. மாமா பேச வேண்டுமென்றால் அந்த நாற்காலிக்கு வர வேண்டும்.

கண்டக்டர் குரல்

மாமா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பெயர் கதிரேசன். தாம்பரத்துக்கும் பாரிமுனைக்கும் நடுவில் எத்தனை லட்சம் பேரை "உள்ள போ, உள்ள போ" என்று சொல்லியிருப்பாரோ. பின்படியில் நின்று அவர் குரல் கொடுத்தால் டிரைவருக்கு விசில் தேவைப்படாதாம். நான் சுதாவைப் பெண் பார்க்கப் போனபோது, "வாங்க, உக்காருங்க" என்று அவர் சொன்ன வேகத்தில் நான் காலியாக இல்லாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அது தனிக் கதை.

அந்தத் தொண்டைக்குத்தான் நோய் வந்தது. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் மாமாவின் தங்கை மகன் பிரபு ஒரு மைக்கோடு வந்தான். என்ஜினியரிங் படித்தவன், பேச்சு குறைவு. மாமாவை உட்காரவைத்துத் தினமும் எதையாவது வாசிக்கச் சொன்னான். பேப்பர் தலைப்புகள், ராசிபலன், மருந்து டப்பாவில் இருக்கும் பொடி எழுத்து, பஸ் ஸ்டாப் பெயர்கள். குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று மாமா சொல்லிக்கொண்டே போக, சமையலறையில் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எல்லோருக்கும் தெரியும், அந்தக் குரல் கிளம்பப்போகிறது.

பதிவு செய்ததை எல்லாம் அரைத்துக் கலக்கி, பிரபு ஒரு புரோகிராம் செய்தான். பெயர் 'பேசு'. மாமா தமிழில் தட்டினால் மாமாவின் குரலிலேயே அது பேசும். கொஞ்சம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். கோபம் வந்தாலும் சுருதி ஏறாது. அதனால் திட்டு இன்னும் ஆழமாக இறங்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

பிறகு பிரபு ஜெர்மனிக்குப் போய்விட்டான். கம்ப்யூட்டர் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. மாமா அதை அணைக்கவே விடமாட்டார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டால் அவருக்கு இருக்கும் ஒரே பாஷை எவர்சில்வர் டம்ளரில் மோதிரத்தால் தட்டுவது. பஸ் மணிக்கு உள்ள அதே கணக்கு. ஒன்று தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் ரைட், போ.

நான் நிபுணன் ஆன விதம்

நான் ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ் செய்கிறவன். டோனர் பொடி மூக்கில் ஏறித் தும்முவதுதான் என் தொழில்நுட்பம். எங்கள் கல்யாணத் தரகர் என் வேலையை மாமா வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்து, "மெஷின் லைன், கம்ப்யூட்டர் மாதிரி" என்று சொல்லிவைத்தார். கல்யாணம் முடிவதற்குள் 'மாதிரி' உதிர்ந்துவிட்டது. நானும் குனிந்து பொறுக்கவில்லை.

முதல் தீபாவளிக்குப் போனபோது டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லை என்றார்கள். பேட்டரியைத் திருப்பிப் போட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் கரண்டில் ஓடும் எதற்கும் நான்தான் வைத்தியன். இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு உட்பட. அந்த இன்வர்ட்டர் கோடையிலேயே வறண்டு செத்துப்போயிருந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லிவைப்பது நல்லது.

"நான் பார்த்துக்கறேன் மாமா"

அன்று காலை மாமா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். சாயங்காலம் தட்டு மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுச் சம்மதம் சொல்வது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "எதுக்குச் சிரமம், பெரியவங்க யாராவது எழுந்து சொல்லிடட்டுமே" என்று போனில் நயமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். ஸ்பீக்கர் வழியே மாமாவின் பதில் போனது: "என் பொண்ணு. நான் சொல்றேன்."

ஒத்திகையில் குரல் இரண்டு இடத்தில் திக்கியது. "என் மகள் நித்யாவை" என்று ஆரம்பித்து நின்று, மூச்சு வாங்கி, "உங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதம்" என்று முடித்தது. திரையின் மூலையில், டிஸ்கில் இடம் இல்லை என்று ஓர் எச்சரிக்கை.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் பார்த்துக்கறேன் மாமா" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் மழைவெள்ளத்தைவிட அதிகச் சேதம் செய்திருப்பது இந்த ஒரு வாக்கியம்தான். மாமா எழுந்து பேப்பரையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

நானும் ஒரேயடியாக மடையன் இல்லை. முதலில் முன்ஜாக்கிரதையாக ஒரு காரியம் செய்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். அதில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, which என்று எழுதிப் புரோகிராமின் பெயரைப் போட்டால், அது எங்கே குடியிருக்கிறது என்ற விலாசத்தைச் சொல்லிவிடும். வீடியோவில் பார்த்துக் கற்றது. கேட்டேன். ஒரே வரியில் விலாசம் வந்தது. புரோகிராம்களை எல்லாம் வரிசையாக வைத்திருக்கும் bin என்ற ஃபோல்டரில், 'பேசு' பத்திரமாக இருந்தது.

இனி அந்த ஃபோல்டர் பக்கம் என் விரல் போகாது என்று சத்தியம் செய்துகொண்டேன். மற்றதெல்லாம் குப்பைதானே.

யாரோ ஏற்றிவைத்த பழைய படங்கள். போயின. பிரபுவின் பெயரில் ஒரு பெரிய ஃபோல்டர், இருக்கிற இடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு. ஆள் ஜெர்மனியில் இருக்கிறான், மூட்டை முடிச்சு மட்டும் சேலையூரில் எதற்கு? பாஸ்வேர்டு கேட்டது. அது மானிட்டரிலேயே ஒட்டியிருந்தது. குப்பைத்தொட்டிக்குக்கூட அனுப்பாமல் அடியோடு அழித்தேன். வெள்ளையடித்த வீட்டைப் பார்ப்பது போல ஒரு திருப்தி.

சோதனைக்கு நானே ஒரு வரி தட்டினேன். திக்காமல் திணறாமல் மாமாவின் குரல் வந்தது. பால்கனியிலிருந்து மாமா தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அதோடு எழுந்திருக்கலாம். எழவில்லை. சாயங்காலம் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று 'பேசு'வை இன்னொரு முறை திறந்து பார்த்தேன்.

அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது திரை.

பெயர்ப்பலகைக்குக் காவல்

மறுபடி which. பதிலே இல்லை. வெறும் கோடு கண்ணடித்துக்கொண்டு நின்றது. whereis என்று இன்னொரு கட்டளை உண்டு. அதைக் கேட்டால், பழைய விலாசத்தையே சொன்னது. ஒருவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், இன்னொருவன் அங்கேதானய்யா இருக்கிறான் என்கிறான். போய்ப் பார்த்தால் பெயர் இருக்கிறது. ஆனால் சிவப்பு எழுத்தில். பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டிய இடம்: பிரபுவின் ஃபோல்டர்.

கையில் இருந்த காபி ஆறியிருந்தது.

கூடுவாஞ்சேரியில் நான் மனை வாங்கிய கதையை இந்தத் தொடரில் இன்னும் எழுதவில்லை. சுருக்கமாக: ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே ஒரு வளைவு, அதில் நகரின் பெயர், கீழே கலர் கலராகக் கொடி. அதைப் பார்த்து, ரோட்டை ஒட்டிய இடம் என்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதாவை அழைத்துப்போய் அந்த வளைவுக்கு அடியில் நிறுத்தி, இதுதான் நம் இடம் என்று காட்டினேன். காவலாளி சிரித்துவிட்டு, வளைவு இங்கேதான், மனை உள்ளே போகணும் சார் என்றார். உள்ளே என்றால் ஷேர் ஆட்டோவும் திரும்பிவிடுகிற உள்ளே.

இங்கேயும் அதேதான். which எனக்குக் காட்டியது வளைவை. bin ஃபோல்டரில் இருந்தது 'பேசு' இல்லை, 'பேசு' அங்கே இருக்கிறது என்று கைகாட்டுகிற ஒரு பலகை. உண்மையான புரோகிராமையும், மாமாவின் குரல் மொத்தமும் அடங்கிய கோப்பையும் பிரபு தன் ஃபோல்டரிலேயே வைத்துவிட்டு, பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் பலகைக்குக் காவல் நின்றுகொண்டு வீட்டை இடித்திருக்கிறேன்.

ஆள் இன்னும் உள்ளேதான்

நித்யாவின் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கைகள் தூக்கியபடியே இருந்தன. முகம் மட்டும் மாறியது.

"அப்பா வாய்ஸா? அந்த வாய்ஸ் ஃபைலா அத்தான்?"

"மெதுவா."

"பேக்கப்?"

என் முகத்தைப் பார்த்து அவளே பதில் தெரிந்துகொண்டாள். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை, பால்கனிப் பக்கம் ஒரு பார்வை. மாமா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பேப்பரைப் பிரித்திருந்தார். அப்பாவுக்குத் தெரியக் கூடாது, இன்றைக்கு மட்டும் தெரியவே கூடாது என்று நித்யா சொன்னாள். நானும் அதையேதான் நினைத்திருந்தேன், கொஞ்சம் சுயநலத்தோடு.

"ஆனா இப்போ பேசிச்சே? நான் கேட்டேனே" என்றேன்.

"திறந்து வச்சிருக்கற புரோகிராம் ஃபைலை அழிச்சா, அதை மூடற வரைக்கும் டிஸ்க்ல உசிரோட இருக்கும். வீட்டை இடிச்சுட்டீங்க, ஆள் இன்னும் உள்ள நிக்கறார். மெஷினை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. ஆஃப் ஆச்சுன்னா ஆளும் போயிடுவார்."

அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, இப்போது கரண்ட் போனால் மத்தியானம் தாண்டித்தான் வரும், மிக்ஸி போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்பார்மர் அடியில்

செருப்புப் போட்டேனா என்று நினைவில்லை. தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடியில் ஏணியோடு இரண்டு மின்வாரிய ஊழியர்கள் நின்றிருந்தார்கள். ஓடிப்போய், அரை மணி, கால் மணி, உங்களால் முடிந்தது எதுவானாலும் என்று மூச்சிரைக்கக் கேட்டேன். மாமாவின் தொண்டையிலிருந்து ஆரம்பித்து ஜெர்மனி வரை சொன்னேன். மூத்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், இங்க நிறுத்தறது நானா? சப் ஸ்டேஷன்லகீறவன் நிறுத்துவான். என் கைல இன்னா கீது?" என்றவர், என் கால்களைப் பார்த்தார். "இங்க நின்னு பேஜார் ஆவாத. வூட்டுக்கு ஓடு, ஆவறதப் பாரு."

ஓடினேன். முதல் மாடி தாண்டும்போது எதிர் வீட்டு டி.வி. பாதி வார்த்தையில் நின்றது. மாடிப்படி விளக்கு அணைந்தது. மேலே எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம். கீச். கொஞ்ச நேரம் கழித்து, கீச். கம்ப்யூட்டரோடு வைத்திருக்கும் யு.பி.எஸ். பெட்டி, இனி என் பேட்டரிதான், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று அழ ஆரம்பித்திருந்தது.

பத்து விரல் அவளுடையது இல்லை

நித்யா நாற்காலியோடு நகர்ந்து கம்ப்யூட்டர் பக்கம் வந்திருந்தாள். விஷயம் தெரிந்தவளின் பத்து விரலிலும் மருதாணி. கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவளை, அதற்குள் விஷயம் தெரிந்துகொண்ட சுதா தோளில் அழுத்தி உட்காரவைத்தாள். இவ்வளவு நேரம் வைத்த மருதாணி வீணாகுமே என்று அல்ல. கழுவுகிற நேரத்துக்குள் பேட்டரி நின்றுவிடுமே என்று. ஆக, மூளை அவளுடையது, விரல் என்னுடையது. உலகத்தில் இதைவிட மோசமான கூட்டணி தேர்தலில்கூட அமைந்ததில்லை.

அவள் கிசுகிசுத்தாள், நான் தட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் லினக்ஸ் ஓர் எண் கொடுக்கும். 'பேசு'வின் எண்ணைக் கேட்டோம், வந்தது. proc என்று ஒரு ஃபோல்டர். அங்கே அந்த எண்ணுக்குள் போனால், ஓடுகிறவன் எங்கிருந்து கிளம்பி வந்தான் என்று எழுதியிருக்கும். நான் அவசரத்தில் இரண்டு இலக்கத்தை மாற்றித் தட்டினேன். வேறு எவனோ ஒருவனின் ஜாதகம் வந்தது.

"அத்தான், நம்பரைப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க."

திரும்பத் தட்டினேன். வந்துவிட்டது. பிரபு ஃபோல்டரின் முழு விலாசம். வால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், அழிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். என் கைங்கரியத்துக்கு அரசு முத்திரை வைத்தது போல.

கீச். கீச்.

இடித்த இடத்திலேயே முதலில் வீடு கட்ட வேண்டும் என்றாள். அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டர் போட்டேன். அப்புறம், ஓடுகிறவனைப் பிடித்து அவனிடமிருந்தே ஒரு நகல். எடுத்தோம். சட்டென்று வந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் எழுந்தேவிட்டேன்.

"உக்காருங்க. இது உடம்புதான். குரல் தனி ஃபைல்."

அந்தப் புரோகிராம் என்னென்ன கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது என்று பார்த்தோம். வரிசையாக வந்ததில் ஒன்றின் பக்கத்திலும் அதே 'அழிக்கப்பட்டது'. அதுதான். நகல் எடுக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். உடம்பு சின்னது, குரல் பெரியது. திரையில் ஒன்றுமே நகரவில்லை. நடக்கிறதா, நின்றுவிட்டதா, தெரியாது. கறுப்புத் திரைக்கு ஆறுதல் சொல்லும் பழக்கம் கிடையாது. கீச்சுகளுக்கு இடையில் இருந்த இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. சுதா என் சட்டையின் பின்பக்கத்தைக் கசக்கிப் பிடித்திருந்தாள். பருப்பு அடிபிடிக்கும் வாசனை வந்தது; யாரும் அசையவில்லை.

கோடு கீழே இறங்கிக் கண்ணடித்தது. முடிந்திருந்தது.

நகலைத் திறந்து பார்க்கச் சொன்னாள். ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது என்று சொல்லிவிட்டுத் தானே மூடிக்கொண்டது. உடம்புக்கு உயிர் இருக்கிறது, அதுவரை சரி. குரல் முழுசாக வந்ததா என்று தெரிய வேண்டுமானால், ஓடுகிற பழையதை மூடியாக வேண்டும். மூடிவிட்டால் அது திரும்பி வராது. மூடாமல் விட்டால் பேட்டரி தீர்ந்து தானாகச் சாகும். அப்படிச் செத்தால் இப்போது எடுத்த நகலும் அரைகுறையாகப் போனாலும் போகும் என்றாள்.

"ஷட் டவுன் பண்ணுங்க அத்தான்."

என் விரல் பட்டனுக்கு மேலே நின்றது. நான் சொல்வதை நம்புங்கள், இறங்கவே இல்லை. ஆறு மாதம் மைக் முன்னால் உட்கார்ந்தாலும் திரும்பக் கிடைக்காத குரல் அது. கீச் கீச் கீச் என்று ஒரே கோடாக இழுக்க ஆரம்பித்துவிட்டது.

பால்கனியில் டம்ளர் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு.

"அப்பாவுக்குக் காபி போலிருக்கு" என்று சுதா உள்ளே ஓடினாள். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு என் விரல் இறங்கிவிட்டது.

திரை இருண்டது. கீச்சும் நின்றது. அந்த நிசப்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. சுதா கொண்டுபோன காபியை மாமா வேண்டாம் என்று கையசைத்துவிட்டாராம்.

மின்விசிறியைப் பார்த்தபடி

அதற்கப்புறம் கரண்ட் வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். என் வேலை, நின்றுபோன மின்விசிறியைப் பார்ப்பது.

பிரபுவுக்குச் சுதா அனுப்பியிருந்த செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. அங்கே இன்னும் விடியவில்லை. வெயில் ஏறிய பிறகு அவனே கூப்பிட்டான். அந்தப் புரோகிராமுக்கு உன்னிடம் ஒரு நகல் இருக்கும்தானே என்று, மழை வருமா என்று கேட்கும் தொனியில் கேட்டேன். இருக்கே, மாமா மெஷினிலேயே என் ஃபோல்டரில் இருக்கே அத்தான், ஏன் என்றான். பழைய லேப்டாப்பை கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். சும்மா கேட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மாமா வழக்கம்போலச் சாப்பிட்டார். நான் பரிமாறும்போது இரண்டு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு முறையும் நான் ரசத்தைப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு, கஞ்சி போட்ட வேட்டி சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்துவைத்தார், சட்டைப் பாக்கெட்டில் பேனாவைச் செருகிப் பார்த்தார், எடுத்துவிட்டார். பேனாவால் எழுதிக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. கெஞ்சுவது போல இருக்கிறதாம்.

கரண்ட் வருவதாகச் சொன்ன நேரம் வந்து போனது. கரண்ட் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது, வேன் ஏறிவிட்டார்களாம். அந்த நயமான சித்தப்பா முன்சீட்டில் இருக்கிறாராம். நித்யா கழுவிய கைகளோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். நன்றாகச் சிவந்திருந்தது. அதை ரசிக்கிற நிலையில் இருவரும் இல்லை.

"வரலைன்னா?" என்றேன்.

"நான் எழுந்து நின்னு, எங்கப்பா சம்மதம்தான்னு நானே சொல்லிடுவேன்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவளும் மாமா மாதிரிதான். அழுவது யாருக்கும் தெரியக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வேன் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டிவிட்டது என்று அடுத்த போன். அப்போது தலைக்கு மேலே ஒரு முனகல். மின்விசிறி சோம்பல் முறித்துச் சுற்ற ஆரம்பித்தது.

இந்த முறை நித்யாவே உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் எழுந்து வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் தெரிந்த சாமியெல்லாம் முடித்து, தெரியாத சாமிக்குப் போய்விட்டேன். 'பேசு' திறந்தது. தட்டுவதற்கான வெள்ளைக் கட்டம் வந்தது. அவள் விசைப்பலகையில் கையை வைக்கும் முன் பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது. மாமா. அவள் எழுந்து இடம் விட்டாள்.

பிரம்பு நாற்காலி முனகியது. மாமா நிதானமாக ஒற்றை விரலால் தட்டினார். தட்டி முடித்து, ஒரு கணம் நிறுத்தி, பொத்தானை அழுத்தினார்.

"ஃபேன் வேகமா வைங்க."

தகர டப்பா, அதே சுருதி, அதே கண்டக்டர். நான் ஓடிப்போய் ரெகுலேட்டரைத் திருகினேன். திருகிய பிறகும் சுவரைப் பார்த்தே நின்றேன். அழுவது யாருக்கும் தெரியக் கூடாது என்கிற வியாதி மருமகன்களுக்கும் தொற்றும்.

தட்டு மாறியது

சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. நிச்சயப் பத்திரிகை வாசித்து முடிந்ததும் எல்லோரும் மாமா பக்கம் திரும்பினார்கள். நான் யு.பி.எஸ். பக்கத்தில், யாரும் வயரை மிதித்துவிடாதபடி, கோயில் துவாரபாலகர் மாதிரி கால் அகட்டி நின்றிருந்தேன்.

"என் மகள் நித்யாவை உங்க வீட்டுக்குக் குடுக்கச் சம்மதம். நல்லாப் பாத்துக்குங்க."

கடைசி இரண்டு வார்த்தைகள் ஒத்திகையில் இல்லாதவை. எங்கும் திக்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா முதலில் ஸ்பீக்கரைப் பார்த்தார், அப்புறம் மாமாவைப் பார்த்தார், அப்புறம் எழுந்து நின்று கும்பிட்டார். அத்தை முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனார். தட்டு மாறியது.

விருந்தாளிகள் வேன் ஏறின கையோடு, கூடத்தில் பூச்சரங்கள் நசுங்கிக் கிடக்க, மாமா மட்டும் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மனசு கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பலகை, வீடு, மருதாணி, எண், குரல், எல்லாம். உங்களுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டீர்கள் என்றுதான் நானும் நித்யாவும் அத்தனை மெதுவாகப் பேசிக்கொண்டோம், மன்னித்துவிடுங்கள் என்று முடித்தேன்.

மாமா முழுவதையும் கேட்டார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்து, ஒற்றை விரலால் தட்டினார்.

"எனக்குப் போனது குரல்தான் மாப்ளே, காது இல்ல."